பொருளைப் படிக்கப் பொருள் வேண்டும்
பொருட்பொறியியல் முதுநிலைப் பட்டமும் குடும்பக் கணக்கும்

பொறியியல் இளநிலைப் பட்டம் பெற்ற மகனோ மகளோ உள்ள இல்லங்களில், ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் ஒரே வினா எழுகின்றது. கிடைத்த வேலையில் சேர்வதா, இன்னும் இரண்டு ஆண்டுகள் படிப்பதா? படிப்பதென்றால் எதை, எங்கே, எவ்வளவு செலவில்? இவ்வினாவோடு எமது வங்கிக் கிளைகளுக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் வட்டி விகிதத்தையே முதலில் கேட்கின்றனர். வட்டி விகிதம் இன்றியமையாதது. ஆயினும் அது கடைசியாகக் கேட்க வேண்டிய வினா. படிப்பின் தன்மை, படிக்கும் இடத்தின் தகுதி, படித்தபின் கையில் நிற்கும் திறன் ஆகிய மூன்றையும் அறிந்த பின்னரே கடன் தொகையைப் பற்றிப் பேசுதல் முறை.

இந்த இதழில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் படிப்பு, மெட்டீரியல்ஸ் எஞ்சினியரிங் என்று கல்லூரிகள் வழங்கும் பொருட்பொறியியல் முதுநிலைப் பட்டம். எடுத்துக்கொண்டிருக்கும் ஊர் திருவனந்தபுரம். குமரி, நெல்லை மாவட்டத்தார்க்கு மிக அண்மையில் உள்ள பெருநகரம் அது. கரமனை, சாலை போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நகரமும் ஆகும். இத்துறையைப் படிக்க விரும்புவோர்க்கு அந்நகரம் ஏன் பொருத்தமானது என்பதையும், அதற்கான செலவை ஒரு நடுத்தரக் குடும்பம் எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பதையும் முறையாகக் காண்போம்.

1. இத்துறை எதைக் கற்பிக்கின்றது?

ஒரு பொருள் ஏன் வளைகின்றது, மற்றொன்று ஏன் உடைகின்றது, ஒன்று ஏன் துருப்பிடிக்கின்றது, வேறொன்று ஏன் நூறாண்டு தாங்குகின்றது என்ற வினாக்களுக்கு விடை காண்பதே பொருட்பொறியியல். இரும்பு முதலிய உலோகங்கள், அவற்றின் கலவைகள், செராமிக் என்னும் சுட்ட பொருள்கள், பிளாஸ்டிக் உள்ளிட்ட பாலிமர்கள், இவற்றை இணைத்து ஆக்கும் கூட்டுப்பொருள்கள் ஆகிய அனைத்தும் இதன் எல்லைக்குள் அடங்கும்.

இத்துறையின் அடிப்படை நான்கு சொற்களில் அடங்கியுள்ளது: ஆக்கமுறை, உள்ளமைப்பு, பண்பு, பயன்பாடு. ஒரு பொருளை எவ்வாறு உருக்கி, வார்த்து, அடித்து, ஆறவைக்கின்றோமோ அதற்கேற்ப அதன் உள்ளமைப்பு அமைகின்றது. உள்ளமைப்புக்கு ஏற்பப் பண்பு அமைகின்றது. பண்புக்கு ஏற்பப் பயன்பாடு அமைகின்றது. மாணவர் இரண்டு ஆண்டுகளில் கற்பவை யாவும் இந்நான்கையும் இணைக்கும் பாதைகளே.

இதற்குக் கேரளத்திலேயே ஓர் அரிய சான்று உண்டு. பத்தனம்திட்டா மாவட்டத்து ஆறன்முளையில் வார்க்கப்படும் உலோகக் கண்ணாடி, செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலமே. மணி வார்க்கும் வெண்கலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் இருக்கும். ஆறன்முளைக் கண்ணாடியில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்த அளவில் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து மிகக் கடினமான ஓர் உள்ளமைப்பை உண்டாக்குகின்றன. அக்கடினத்தால் மேற்பரப்பு குழியின்றி மெருகேறி முகம் காட்டுகின்றது. அதே கடினத்தால், கீழே விழுந்தால் சாதாரணக் கண்ணாடி போலவே நொறுங்கியும் போகின்றது. பயன்தரும் பண்பும் ஆபத்தான பண்பும் ஒரே உள்ளமைப்பிலிருந்து பிறப்பதைக் கைவினைஞர் அனுபவத்தால் அறிந்தனர். திருவனந்தபுரத்து ஆய்வுக்கூட அறிஞர்கள் பின்னர் அதனை ஆராய்ந்து 1990களில் எழுதினர். அனுபவ அறிவை அளந்து, காரணம் கண்டு, வேண்டியபோது மீண்டும் உண்டாக்கும் திறனாக மாற்றுவதே இப்படிப்பின் நோக்கம்.

2. திருவனந்தபுரம் ஏன்?

இதற்குரிய விடை கடற்கரை மணலில் தொடங்குகின்றது. 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். அதன் தொடர்ச்சியாக மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கனிம மணல் எடுக்கும் தொழில் உருவாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணையும்வரை அவ்வூர் திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தது. அம்மணலிலும் வடக்கே கொல்லத்தை அடுத்த சவறையின் மணலிலும் உள்ள இல்மனைட் என்னும் கரிய கனிமம், டைட்டானியத்தின் தாய்க்கனிமம்.

அம்மணல் மூன்று படிகளில் மதிப்பேறிய வரலாறு, உயர்கல்வியைப் பற்றி எண்ணும் எவரும் அறியத்தக்கது. முதற்படியில் மணல் அப்படியே கப்பலேறியது. இரண்டாம் படியில், 1946இல் திருவனந்தபுரத்துக் கொச்சுவேளியில் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை அதிலிருந்து வண்ணப்பூச்சுக்குரிய வெண்ணிறப் பொடியைத் தயாரித்தது. மூன்றாம் படியில், 2011இல் சவறையின் கேரள கனிமங்கள், உலோகங்கள் நிறுவனத்தில் டைட்டானியம் உலோகத்தையே பிரித்தெடுக்கும் ஆலை தொடங்கப்பட்டது. நாட்டில் இவ்வகையில் முதலாவதான இவ்வாலையின் ஆண்டுத் திறன் 500 டன். இதற்கு நிதி அளித்தது திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். தொழில்நுட்பம் அளித்தது ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம். இல்மனைட்டைத் துப்புரவாக்கி டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்னும் திரவமாக்கி, அதனை உருகிய மக்னீசியத்துடன் வினைபுரியச் செய்தால் நுண்துளைகள் நிறைந்த உலோகம் கிடைக்கின்றது. பஞ்சு போன்ற தோற்றத்தால் இதற்கு டைட்டானியம் பஞ்சு என்று பெயர். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், டைட்டானியத்தின் அடர்த்தி 4.5 கிராம். எடை ஒவ்வொரு கிராமும் கணக்கிடப்படும் ஏவுகலத்தில் இவ்வேறுபாட்டின் மதிப்பு பெரிது.

மணல் மாறவில்லை, மணலைப் பற்றிய அறிவு மாறியது. அதற்கேற்ப வருவாயும் மாறியது. இளநிலைப் பட்டத்துக்கும் முதுநிலைப் பட்டத்துக்கும் இடையே நாம் எதிர்பார்க்க வேண்டிய வேறுபாடும் இத்தகையதே.

இம்மணல் வளமும் விண்வெளித் திட்டமும் ஓரிடத்தில் அமைந்ததால், பொருள்களை ஆராயும் நிறுவனங்கள் பல இந்நகரில் சேர்ந்தன. 1963 நவம்பர் 21 அன்று தும்பையிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் மையம் ஏவுகலங்களுக்குரிய வலிமையான எஃகு, கரிமக் கூட்டுப்பொருள்கள், வெப்பத்தடுப்பு ஓடுகள் ஆகியவற்றில் பல்லாண்டு உழைப்பைச் செலுத்தியுள்ளது. 1975இல் தொடங்கப்பட்டுப் பாப்பனம்கோட்டில் இயங்கும் மத்திய அரசின் ஆய்வுக்கூடம், மண்டல ஆய்வுக்கூடம் என்ற பெயரில் நெடுங்காலம் விளங்கியது. 2007இல் அது தேசிய இடைத்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர் மாறிற்று. அலுமினியக் கலவைகள், செராமிக் பொருள்கள், அருமண் தனிமங்கள் ஆகியன அதன் ஆய்வுப் பொருள்களுள் அடங்கும். பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் உயிர்மருத்துவப் பிரிவு உடலுக்குள் வைக்கத்தக்க பொருள்களை உருவாக்கிவருகின்றது. 2007இல் விண்வெளித் துறையின் கீழ் நிறுவப்பட்டு இன்று வலியமலையில் இயங்கும் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம், பொருளறிவியல் தொழில்நுட்பத்தில் எம்.டெக். பட்டம் அளிக்கின்றது.

3. ஓர் இதய வால்வு கற்பிக்கும் பாடம்

இத்துறையில் உழைப்பது எத்தகையது என்பதை அறிய, இந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் உருவான இதய வால்வைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

இதயம் நிமிடத்திற்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் முறை துடிக்கின்றது. செயற்கை வால்வு அத்தனை முறையும் திறந்து மூட வேண்டும். தேயக் கூடாது, உடையக் கூடாது, குருதியை உறைய வைக்கவும் கூடாது. 1970களில் இத்தகைய வால்வுகள் அயல்நாடுகளிலிருந்தே வந்தன. அவற்றின் விலை ஏழை நோயாளிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அக்கழகத்தின் இயக்குநராக விளங்கிய மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவரும் பொறியாளரும் இணைந்து நம் நாட்டிலேயே வால்வு ஒன்றை உருவாக்க முற்பட்டனர்.

முதல் மூன்று வடிவங்களும் சோதனையில் தேறவில்லை. ஒன்றில் பற்றவைத்த இடம் முறிந்தது. மற்றொன்றில் நீலமணிக் கல்லால் ஆன வட்டு மிகக் கடினமாக இருந்ததால் அதனைத் தாங்கிய டைட்டானியம் தேய்ந்தது. பிறிதொன்றில் தாங்கியை வேறு உலோகக் கலவையால் செய்தபோது வட்டே உடைந்தது. நான்காம் வடிவத்தில் கோபால்ட், குரோமியம் அடங்கிய கலவையால் தாங்கியும், மிக உயர்ந்த மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனால் வட்டும் அமைக்கப்பட்டன. மென்மையான வட்டும் கடினமான தாங்கியும் ஒன்றுக்கொன்று இணங்கின. 1990 டிசம்பரில் அவ்வால்வு முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் அதன் உற்பத்தியை மேற்கொண்டது. அதன்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டுள்ளன.

இதில் மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று. மூன்று தோல்விகளும் பொருள்களின் தோல்விகள். வெற்றியும் பொருள்களைச் சரியாக இணைத்ததால் வந்தது. பற்றவைப்பு, தேய்மானம், முறிவு என்னும் மூன்றும் எம்.டெக். வகுப்பில் மூன்று தனிப் பாடங்கள். வகுப்பறையில் அவை தேர்வு வினாக்கள். ஆய்வுக்கூடத்தில் அவையே ஓர் உயிரின் வினாக்கள். ஆகவே, இப்படிப்பை அளிக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே மெய்யான பொருள் ஏதேனும் செய்யப்பட்டு, சோதிக்கப்பட்டு, உடைத்துப் பார்க்கப்படுகின்றதா என்பதே முதல் அளவுகோல் ஆகும்.

4. பட்டத்தின் அமைப்பும் நுழைவும்

எம்.டெக். என்பது இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள் கொண்டது. முதலாண்டில் பெரும்பாலும் பாடங்களும் ஆய்வகப் பயிற்சியும். இரண்டாமாண்டில் பெரும்பாலும் திட்டப்பணி. தொழிலுக்குச் செல்ல விரும்புவோர்க்கு இது பொருந்தும். ஆய்வையே வாழ்வாகக் கொள்ள விரும்புவோர்க்கு ஆய்வு வழி எம்.எஸ். பட்டமும், அதன்பின் முனைவர் பட்டமும் உள்ளன. இரண்டையும் ஒன்றெனக் கருதிச் சேர்வது பின்னர் மனக்குறையைத் தரும்.

உலோகவியல் படித்தவர் மட்டுமே இதில் சேரலாம் என்ற எண்ணம் தவறு. இயந்திரவியல், வேதிப்பொறியியல், பாலிமர் போன்ற பிரிவுகளில் இளநிலைப் பட்டம் பெற்றோரையும், இயற்பியல் அல்லது வேதியியலில் எம்.எஸ்சி. பெற்றோரையும் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. தகுதி விதிகள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

நுழைவாயில் கேட் தேர்வு. மூன்று மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள் கொண்ட இத்தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். உலோகவியலுக்குத் தனித் தாள் உண்டு. பிற பிரிவினர் பொறியியல் அறிவியல் என்னும் தாளை எழுதி, அதில் பொருளறிவியலை ஒரு பகுதியாகத் தேர்ந்தெடுக்கலாம். திருவனந்தபுரத்தில் இடம் கிடைக்காதோர் மனந்தளர வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றிலும் இத்துறை நெடுங்காலமாகச் சிறந்து விளங்குகின்றது.

படித்தோர் செல்லும் இடங்களைச் சுருங்கக் கூறலாம்: எஃகு, அலுமினிய ஆலைகள், வார்ப்படத் தொழில், வாகன உதிரிப்பாகத் தொழில், மருத்துவக் கருவி உற்பத்தி, மின்கலம், மின்னணுப் பொருள் உற்பத்தி, விண்வெளி, அணுசக்தி, பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடங்கள். கோயம்புத்தூர் வார்ப்படச் சாலைகளும் சென்னையைச் சுற்றிய வாகனத் தொழிற்சாலைகளும் நம் மாநிலத்திலேயே உள்ள வாய்ப்புகள்.

5. குடும்பக் கணக்கு

இனி வங்கியின் பாடத்திற்கு வருவோம். கேட் மதிப்பெண்ணுடன், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஏற்புப் பெற்ற நிறுவனத்தில் முழுநேர எம்.டெக். சேர்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதங்கள் வரை, விதிகளுக்கு உட்பட்டு வழங்கப்படுகின்றது. மொத்தம் 2,97,600 ரூபாய். கேட் இன்றிச் சேர்வோர்க்கு இது கிடைக்காது. தேர்வுக்கு ஆறு மாதம் ஒழுங்காகப் படிப்பது, ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய்க் கடனைத் தவிர்ப்பதற்கு ஒப்பாகும். இதனை மாணவர்க்கு எடுத்துக்கூறுவது பெற்றோரின் கடமை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கணக்கின் எளிமைக்காகவே இவ்வெண்களைக் கொள்கின்றோம். மாணவர் ஒருவர் கட்டணத்திற்கும் விடுதிக்கும் 3,00,000 ரூபாய் கடன் பெறுகின்றார். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு. கடன் நான்கு பருவங்களின் தொடக்கத்தில் 75,000 ரூபாயாக நான்கு முறை வழங்கப்படுகின்றது. படிப்புக் காலம் 24 மாதங்கள். அதன்பின் ஓராண்டு தவணை விலக்கு. ஆக 36 மாதங்கள் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆனால் வட்டி நிற்பதில்லை.

முதல் 75,000 ரூபாய்க்கு 36 மாத வட்டி 22,500 ரூபாய். இரண்டாவதற்கு 30 மாத வட்டி 18,750 ரூபாய். மூன்றாவதற்கு 24 மாத வட்டி 15,000 ரூபாய். நான்காவதற்கு 18 மாத வட்டி 11,250 ரூபாய். மொத்தம் தனிவட்டி 67,500 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 3,67,500 ரூபாயாக நிற்கும். முழுத் தொகையையும் முதல் நாளே பெற்றிருந்தால் வட்டி 90,000 ரூபாய் ஆகியிருக்கும். தேவைப்படும்போது மட்டும் பெறுவதால் 22,500 ரூபாய் மிச்சமாகின்றது.

3,67,500 ரூபாயை ஏழு ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 6,101 ரூபாய். செலுத்தும் மொத்தம் ஏறத்தாழ 5,12,500 ரூபாய். அதனையே 15 ஆண்டுகளுக்கு நீட்டித்தால் தவணை 3,949 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தம் ஏறத்தாழ 7,10,800 ரூபாயாக உயரும். சிறிய தவணை நிம்மதி தரும். நீண்ட தவணை பொருளைக் கரைக்கும். வேலை கிடைத்த தொடக்கத்தில் நீண்ட காலத்தைத் தேர்ந்து, ஊதியம் உயர்ந்தபின் கூடுதலாகச் செலுத்தி முன்னதாக முடிப்பது நடுவழி.

இதனினும் சிறந்த வழி ஒன்று உண்டு. தவணை விலக்குக் காலத்திலேயே வட்டியை மாதந்தோறும் செலுத்திவிடலாம். முதற் பருவத்தில் அது மாதம் 625 ரூபாய். இரண்டாம் பருவத்தில் 1,250. மூன்றாம் பருவத்தில் 1,875. நான்காம் பருவம் முதல் 2,500 ரூபாய். உதவித்தொகை பெறும் மாணவர் இதனைத் தாமே செலுத்த இயலும். அவ்வாறு செய்தால் கடன் 3,00,000 ரூபாயிலேயே நிற்கும். ஏழாண்டுத் தவணை 4,980 ரூபாயாக அமையும். செலுத்திய வட்டியையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 4,85,800 ரூபாய். இவ்வாறு வட்டியை உடனுக்குடன் செலுத்துவோர்க்கு வட்டி விகிதத்தில் ஒரு விழுக்காடு வரை சலுகை தரும் வங்கிகளும் உள்ளன, கிளையில் கேட்டறிக.

செலவின் மறுபக்கம், இழக்கும் ஊதியம். இளநிலைப் பட்டத்துடன் மாதம் 25,000 ரூபாய் வேலை கையில் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு ஆண்டுகளில் இழப்பது 6,00,000 ரூபாய். உதவித்தொகை 2,97,600 ரூபாயைக் கழித்தால் 3,02,400 ரூபாய். இதனுடன் கடனுக்காகச் செலுத்தும் 4,85,800 ரூபாயைக் கூட்டினால் 7,88,200 ரூபாய். இதுவே இப்பட்டத்தின் மெய்யான விலை. பத்து ஆண்டுகளில் இதனை ஈடுசெய்ய, முதுநிலைப் பட்டம் மாதத்திற்கு ஏறத்தாழ 6,570 ரூபாய் கூடுதல் ஊதியம் ஈட்டித்தர வேண்டும். வரி, ஊதிய உயர்வு, பணத்தின் மதிப்பு ஆகியவற்றை நாம் இதில் சேர்க்கவில்லை. ஆயினும் முடிவெடுக்கப் போதுமான ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகின்றது. சேர எண்ணும் நிறுவனத்தில் இப்பட்டம் பெற்றோர், இளநிலைப் பட்டதாரிகளைவிட இந்த அளவேனும் கூடுதலாகப் பெறுகின்றனரா? ஆம் எனில் கடன் முதலீடு. இல்லையெனில் கடன் சுமை. கல்விக்குப் பணத்தால் அளக்கவியலாத பயன்களும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பயன்களுக்காக எவ்வளவு செலவிடுகின்றோம் என்பதை அறிந்து செலவிடுவதே நன்று.

6. கடன் விதிகளும் சலுகைகளும்

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின் சில கூறுகளை நினைவிற் கொள்க. நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடு தேவையில்லை. சொந்தப் பங்கும் தேவையில்லை. பெற்றோர் இணைக்கடனாளியாகக் கையொப்பமிடுவர். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடு சொந்தப் பங்கு கோரப்படும். கல்வி உதவித்தொகையை அப்பங்கில் சேர்க்கலாம். ஏழரை லட்சம் ரூபாய் வரை மத்திய அரசின் கடன் உறுதி நிதியத்தின் பாதுகாப்பு உண்டு. திருப்பிச் செலுத்தும் காலம் 15 ஆண்டுகள் வரை.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதோர்க்கு, தொழிற்கல்விக்குத் தவணை விலக்குக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உள்ளது. ஆயினும் இது வாழ்வில் ஒருமுறை மட்டுமே கிடைக்கும். இளநிலைப் படிப்பிற்குப் பெற்றவர் முதுநிலைக்குப் பெற இயலாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட சிறந்த நிறுவனங்களில் சேர்வோர்க்கு ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன் வழங்கப்படுகின்றது. குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ளோர்க்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. வேறு அரசு உதவித்தொகை அல்லது வட்டிச் சலுகை பெறுவோர் இச்சலுகைக்கு உரியவர் அல்லர். எனவே கேட் உதவித்தொகை பெறும் மாணவர், எது தமக்கு மிகுந்த பயன் தரும் என்பதை விண்ணப்பத்திற்கு முன்னரே கிளை அலுவலரிடம் கலந்து தெளிய வேண்டும்.

பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்போர், கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டியை எட்டு ஆண்டுகள் வரை தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அசலுக்கு இக்கழிவு இல்லை.

7. சேரும் முன் கேட்க வேண்டியவை

கட்டணம் செலுத்தும் முன், மாணவரும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதிப் பார்த்தல் நலம்.

ஒன்று: அந்நிறுவனத்தின் ஆய்வகத்தில் மின்னணு நுண்ணோக்கி, எக்ஸ் கதிர்ப் படிகச் சோதனைக் கருவி, இழுவிசைச் சோதனைக் கருவி ஆகியவை உள்ளனவா? மாணவர் கையால் அவற்றை இயக்க அனுமதி உண்டா?

இரண்டு: கடந்த மூன்று ஆண்டு மாணவர்கள் செய்த திட்டப்பணிகளின் தலைப்புகள் யாவை? அவற்றுள் தொழிற்சாலை அல்லது அரசு ஆய்வுக்கூடத்துடன் இணைந்து செய்தவை எத்தனை?

மூன்று: இரண்டாமாண்டுத் திட்டப்பணியை நகரில் உள்ள பிற ஆய்வுக்கூடங்களில் செய்ய விதி இடந்தருமா?

நான்கு: உதவித்தொகை உறுதியானதா? எந்த மாதத்திலிருந்து கைக்கு வரும்?

ஐந்து: கட்டணம் தவிர விடுதி, உணவு, ஆய்வகக் கட்டணம், பயணம் ஆகியவை சேர்ந்து பருவத்திற்கு எவ்வளவு?

ஆறு: முன்னாள் மாணவர்கள் இன்று எங்கே பணிபுரிகின்றனர்? இயன்றால் இருவரிடமேனும் நேரில் பேசுக.

ஏழு: படிப்பு இடையில் நின்றாலோ வேலை ஓராண்டு தாமதமானாலோ தவணையைக் குடும்பம் எவ்வாறு செலுத்தும்?

ஏழாவது வினாவைப் பலர் தவிர்க்கின்றனர். அதனைத் தவிர்க்கலாகாது. கல்விக் கடனில் தவணை தவறினால் மாணவரின் கடன் வரலாற்றில் மட்டுமன்றி, இணைக்கடனாளியான பெற்றோரின் கடன் வரலாற்றிலும் அது பதிவாகும். பின்னாளில் இளைய பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும்போது அப்பதிவு முன்னே வந்து நிற்கும். இடர் நேர்ந்தால் தவணை நாளுக்கு முன்னரே கிளைக்கு வந்து கூறுவோர்க்கு மாற்று வழிகள் பல உண்டு. தவறிய பின் வருவோர்க்கு அவ்வழிகள் குறைவு.

நிறைவாக, பொருட்பொறியியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் ஒரு கருத்தை இங்கே கூறலாம். எந்தப் பொருளுக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அவ்வெல்லைக்குள் சுமையை ஏற்றினால், சுமை நீங்கியதும் பொருள் தன் பழைய வடிவத்திற்குத் திரும்பும். எல்லையைக் கடந்து ஏற்றினால், சுமை நீங்கிய பின்னும் வளைவு அப்படியே நிற்கும். குடும்ப வருமானத்திற்கும் இத்தகைய எல்லை உண்டு. கடன் விண்ணப்பத்துடன் கிளைக்கு வரும் முன் அவ்வெல்லையை மேற்கண்ட முறையில் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள். அத்தாளை வைத்துக்கொண்டு பேசுவது மாணவர்க்கும் நன்று, பெற்றோர்க்கும் நன்று, வங்கிக்கும் நன்று.